லைன் அறுந்தாலும் வேலை அறுபடாமல்

டெவலப்பர் கருவிகளை அமைப்பது பற்றியும் சேர்வர் வேலைகளைத் தானியங்கியாக்குவது பற்றியும் இணையத்தில் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கரண்டும் இணைய லைனும் எப்போதும் இருக்கும் ஊரில் இருந்து எழுதப்பட்டவை. வட இலங்கையின் வன்னியில், பரந்தனிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து வேலை செய்பவருக்கு அந்த இரண்டில் ஒன்று வேலைக்கு நடுவில் போய்விடும். மாரியில் இரண்டும் சேர்ந்தே போகும். அந்தக் கட்டுரைகளின் கடைசியில் சிறு குறிப்பாக வரும் விஷயங்கள்தான் எங்களுக்கு முதல் வேலை.

நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அதோடு இங்கே ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணினிகளையும் பார்த்துக்கொடுக்கிறேன். அறிவியல் நகருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் வந்த பிறகு இந்தத் துறையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் ஊரில் கூடிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் சிலர் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு நான் முதலில் பழக்குவது ஒரு கேள்வியைத்தான். எந்தக் கட்டளையைக் கொடுக்க முன்பும், "இது பாதியில் நின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா, இல்லை அரைகுறையாகக் கிடந்து மற்றதையும் குழப்புமா? கீழே எழுதியிருப்பவை எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

டெர்மினலும் எஸ்எஸ்எச்சும்

தூரத்துச் சேர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நீண்ட வேலை ஒன்றை ஓடவிட்டிருக்கும்போது லைன் போனால், அந்த இணைப்பு முடியும்போது அதில் ஓடிய வேலையும் பெரும்பாலும் சேர்ந்து செத்துவிடும். டேட்டாபேஸை மாற்றிக்கொண்டிருந்த வேலை என்றால் நிலைமை மோசம். இதற்கு மருந்து டிமக்ஸ், இணைப்பு போனாலும் உங்கள் செஷனைச் சேர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் கருவி. சேர்வருக்குள் நுழைந்ததும் முதல் கட்டளை டிமக்ஸாக இருக்கட்டும். வேலை அதற்குள் ஓடும். லைன் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப நுழைந்து அட்டாச் செய்தால் திரை விட்ட இடத்தில் இருக்கும். இதைப் பழக்கத்துக்கு விடாமல் சேர்வரில் கட்டளைகளை வாங்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். நுழைந்தவுடன் பழைய செஷன் இருந்தால் அதில் சேரட்டும், இல்லையென்றால் புதிதாகத் திறக்கட்டும்.

அடுத்தது மொஷ். 2012 இல் எம்ஐடியில் இருந்து வந்த கருவி. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைந்துவிட்டு, பிறகு, தொடர்ந்த இணைப்பு தேவைப்படாத யூடிபி முறையில் பேசும். வீட்டு லைன் போய் போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறினால் உங்கள் ஐபி முகவரி மாறும். எஸ்எஸ்எச் அதில் உறைந்துபோகும், மொஷ் தொடரும். லப்டொப்பை மூடிவைத்து மறுநாள் திறந்தாலும் தொடரும். ஐரோப்பாவில் இருக்கும் சேர்வரில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தாமதித்து வரும் எரிச்சலையும் அது குறைக்கிறது, ஏனென்றால் நீங்கள் தட்டுவதை ஊகித்து உங்கள் பக்கத்திலேயே முதலில் காட்டிவிடும். கவனிக்க வேண்டியவை: சேர்வரிலும் மொஷ் இருக்க வேண்டும், ஃபயர்வோலில் 60000 முதல் 61000 வரையிலான யூடிபி போர்ட்டுகளில் (தொடர்பு வாசல்களில்) சிலவாவது திறந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 லொக்கேல் (எழுத்துக் குறிமுறை அமைப்பு) வேண்டும். பிள்ளைகள் மொஷ் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடும்போது காரணம் பெரும்பாலும் அந்தப் போர்ட்தான். மேலே நகர்த்திப் பழைய வரிகளைப் பார்ப்பது மொஷ்ஷில் வராது. டிமக்ஸ் அதையும் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்எச்சின் அமைப்புக் கோப்பை இங்கே பலர் தொடுவதே இல்லை. ஐபியையும் யூசர் பெயரையும் சாவிக் கோப்பின் வழியையும் ஒவ்வொரு முறையும் நீளமாகத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு சிறு பெயர் வைத்து ஹோஸ்ட் பகுதி எழுதினால் அந்தப் பெயர் கோடின் மாற்றங்களைப் பதியும் கிட்டுக்கும், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்குக்கும், சேர்வர்களை அமைக்கும் ஆன்சிபிளுக்கும் பயன்படும். அதில் சேர்வர்-அலைவ்-இன்டர்வெல் என்பதை 30 விநாடி என்றும், சேர்வர்-அலைவ்-கவுன்ட்-மக்ஸை 4 என்றும் வைத்தால், செத்துப்போன இணைப்பு 2 நிமிடத்தில் தானாக விடுபடும். கொன்ட்ரோல்-மாஸ்டர், கொன்ட்ரோல்-பெர்சிஸ்ட் இரண்டும் இன்னும் முக்கியம். ஒருமுறை இணைந்த பாதையை அடுத்தடுத்த கட்டளைகளும் பயன்படுத்தும், ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கைகுலுக்க வேண்டியதில்லை. இங்கிருந்து தூரத்துச் சேர்வருக்கு அந்த ஆரம்பக் கொடுக்கல் வாங்கலே சில விநாடிகள் எடுக்கும். ஆனால் லைன் மாறும்போது பழைய பாதை பிணமாகக் கிடந்து புதிய கட்டளைகளையும் தொங்கவைக்கும். அப்போது எஸ்எஸ்எச்சுக்குப் பெரிய ஓ ஆப்ஷனோடு எக்ஸிட் கொடுத்து அந்தப் பாதையை மூடிவிட வேண்டும். நான் இதற்கு இரண்டெழுத்தில் ஒரு அலியாஸ் (குறுக்குப் பெயர்) வைத்திருக்கிறேன். நாளில் பல தடவை உதவும்.

கிட்டும் டேட்டாவும்

"அண்ணை, கிளோன் எண்பது வீதத்தில நிண்டுட்டுது. திரும்ப முதலில இருந்து போகுது." சனிக்கிழமைப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. கிளோன் என்பது ஒரு ரெப்போவை, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும், கிட் மூலம் முழுதாக இறக்குவது. டேட்டா கார்ட் காசு போன கவலையும் குரலில் இருக்கும். 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து கிட் எவ்வளவோ வளர்ந்துவிட்டது, ஆனாலும் பாதியில் அறுந்த கிளோனைத் தொடரும் வசதி அதில் இல்லை. ஆகவே அறும் என்று தெரிந்தே வழி பார்க்க வேண்டும்.

ஒரு வழி, சிறுகச் சிறுக எடுப்பது. டெப்த் ஆப்ஷனை 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் முதலில் எடுங்கள். பிறகு டீப்பன் ஆப்ஷனோடு ஃபெட்ச் செய்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு துண்டு அறுந்தால் அந்தத் துண்டு மட்டும்தான் நட்டம்.

இன்னொரு வழியை நான் பெரிய ரெப்போக்களுக்கு வைத்திருக்கிறேன். உங்களுக்கு எங்காவது ஒரு சிறு சேர்வர் இருந்தால் கிளோனை அங்கே செய்யுங்கள். அங்கே லைன் அறாது. பிறகு கிட் பண்டில் கட்டளையால் முழு ரெப்போவையும் ஒரே கோப்பாக்குங்கள். அந்தக் கோப்பை ஆர்சிங்க் மூலம், பார்ஷல் ஆப்ஷனோடு, வீட்டுக்கு இறக்குங்கள். ஆர்சிங்க் நின்ற இடத்திலிருந்து தொடரும். எத்தனை தடவை அறுந்தாலும் பரவாயில்லை, இரவு டேட்டாவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். வந்துசேர்ந்த பண்டில் கோப்பிலிருந்து சாதாரணமாகக் கிளோன் எடுத்து, ரிமோட்டின் முகவரியை உண்மையான இடத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. அதே பண்டிலைப் பென் டிரைவில் போட்டு முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் நண்பரிடம் கொடுத்துவிடலாம். அங்கே அவருக்கு ஒரு எம்பியும் செலவில்லை.

பார்ஷல் கிளோன் என்று ஒன்று இருக்கிறது. வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது இறக்கும். வேகமான லைன் உள்ள இடத்தில் அருமையான விஷயம். எங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டவர் விழுந்த நேரத்தில்தான் பழைய மாற்றம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அந்த உள்ளடக்கம் உங்களிடம் இருக்காது. ஆறுதலாக இரவில் முழுதாக இறக்கி வைத்துக்கொள்வதே மேல்.

கிட்டில் வேறு சில அமைப்புகளையும் ஒரே தடவையில் செய்துவிடுங்கள். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கோர்-கோட்பாத் என்பதை ஃபோல்ஸ் ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டேட்டஸ் பார்க்கும்போது தமிழ்ப் பெயருக்குப் பதிலாக மூன்று மூன்று இலக்கங்களாக ஒரு நீண்ட வரிசைதான் வரும். வேலைக்கு ஒரு மின்னஞ்சலும் சொந்தத் திட்டங்களுக்கு இன்னொன்றும் வைத்திருப்பவர்கள் இன்குளூட்-இஃப் மூலம் ஃபோல்டரைப் பொறுத்து அது தானாக மாறும்படி செய்யலாம். ரெரெரெ என்ற வசதியை இயக்கிவிட்டால், ஒருமுறை தீர்த்த மோதலை கிட் நினைவில் வைத்து அடுத்த முறை தானே தீர்க்கும். லைன் இல்லாமல் இரண்டு நாள் தனியே வேலை செய்துவிட்டு ஒன்றாகச் சேர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டொக்கர் இமேஜ்களும் (செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் லேயர்களாக அடுக்கிய பொதிகள்) டேட்டாவைத் தின்னும். டொக்கர் வழக்கமாக மூன்று லேயர்களை ஒரே நேரத்தில் இறக்கும். மெதுவான லைனில் மூன்றும் பாதி பாதியாக நிற்கும்போது அறுந்தால் மூன்றும் வீண். டொக்கர் டெமனின் (பின்னணிச் சேவையின்) அமைப்புக் கோப்பில் மக்ஸ்-கொன்கரன்ட்-டவுன்லோட்ஸ் என்பதை 1 ஆக்குங்கள். ஒவ்வொன்றாக முழுதாக வந்துசேரும், வந்துசேர்ந்தது திரும்ப இறங்காது. டொக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் படிகளின் கோப்பு) எழுதும்போது சார்பு நூலகங்களின் பட்டியல் கோப்பை முதலில் கொப்பி செய்து, அவற்றை நிறுவிவிட்டு, கடைசியில் உங்கள் கோடைக் கொப்பி செய்யுங்கள். வரிசை மாறினால் ஒரு எழுத்தைத் திருத்தியதற்கே எல்லா நூலகங்களும் திரும்ப இறங்கும். இன்னொரு விஷயம், 2020 நவம்பரில் இருந்து இமேஜ்களின் பொதுச் சேமிப்பான டொக்கர் ஹப் லொகின் இல்லாமல் இறக்குபவர்களுக்கு ஐபி அடிப்படையில் வரம்பு வைத்திருக்கிறது. மொபைல் லைனில் ஒரே வெளி ஐபியைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். நீங்கள் ஒன்றுமே இறக்காமல் வரம்பு முடிந்துவிட்டது என்று செய்தி வந்தால் காரணம் அதுதான். இலவசக் கணக்கொன்றில் லொகின் செய்தால் சரியாகிவிடும்.

சில பேர் சேர்ந்து படிக்கும் இடமாக இருந்தால் ஒரு பழைய லப்டொப்பை கேஷ் சேர்வராக்குங்கள். உபுண்டு, டெபியன் பொதிகளுக்கு ஆப்ட்-கேஷர்-என்ஜி, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கு வெர்டாச்சியோ, டொக்கருக்கு ரெஜிஸ்ட்ரி மிரர். ஒருவர் இறக்கியது மற்றவர்களுக்கு வீட்டு வைஃபை வேகத்தில் வரும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை விடப் பழைய லப்டொப்பையே நான் விரும்புகிறேன். அதற்குச் சொந்த பட்டரி இருக்கிறது, பட்டரி அரைவாசி செத்திருந்தாலும் ஒழுங்காக ஷட்டவுன் ஆக நேரம் கிடைக்கும். பையின் எஸ்டி கார்ட் திடீர் மின்வெட்டில் பழுதாகிவிடும்.

எடிட்டரைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை. எதை வைத்திருந்தாலும் அது லைன் இல்லாமல் திறக்க வேண்டும், ஆவணங்களும் லைன் இல்லாமல் கிடைக்க வேண்டும். ஆவணங்களுக்கு ஸீல் என்ற செயலி போதும். எடிட்டரின் அமைப்பு, ஷெல் அலியாஸ்கள், டிமக்ஸ் கோப்பு, எஸ்எஸ்எச் கோப்பு (தனிச் சாவியைத் தவிர) எல்லாவற்றையும் ஒரு கிட் ரெப்போவில் வைத்துவிடுங்கள்.

கரண்ட் வந்த பிறகு

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ரவுட்டருக்கென்று சிறிய யூபிஎஸ் வாங்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பரவியது அந்தக் காலத்தில்தான். நல்ல செலவு அது. ஆனால் கரண்ட் போகும் நேரத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். கரண்ட் வந்த பிறகு கணினி தானாக என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறைவாகவே யோசிக்கிறார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. "தம்பி, கரண்ட் வந்து ஒரு மணித்தியாலமாச்சு, பில் அடிக்கிறது இன்னும் வரேல்லை." அக்கா சொன்னது சரி. கணினி எழும்பியிருந்தது, பில் அடிக்கும் சேவை எழும்பவில்லை. டேட்டாபேஸ் தயாராகும் முன்பே அது தொடங்கப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தது. இப்போது அந்தச் சேவையின் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்துவது) கோப்பில் மூன்று வரிகள் கூடுதலாக இருக்கின்றன. டேட்டாபேஸுக்குப் பிறகு தொடங்கு, தோற்றால் திரும்பத் தொடங்கு, இடையில் 10 விநாடி பொறு. கணினியின் பயோஸ் அமைப்பிலும் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி போட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு மின்வெட்டு முடிந்ததும் பட்டன் அழுத்த யாரும் வர வேண்டியதில்லை.

குறித்த நேரத்தில் வேலையை ஓடவிடும் குரோன் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அதிகாலை 2 மணிக்கு பெக்கப் எடு என்று குரோனில் எழுதிவைத்து, 2 மணிக்குக் கரண்ட் இல்லையென்றால் அன்று பெக்கப் இல்லை. குரோன் போனதைத் தேடிச் செய்யாது. ஒரு வாரம் தொடர்ந்து அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஒரு வாரம் பெக்கப் இல்லை, ஒரு பிழைச் செய்தியும் வராது. சிஸ்டம்டி டைமருக்கு மாறுங்கள். ஒன்-கலண்டரில் நேரத்தை எழுதி, பெர்சிஸ்டன்ட் என்பதை ட்ரூ ஆக்கினால், கணினி எழும்பியதும் தவறிய வேலையைப் பார்த்துச் செய்துவிடும். ஒரு வரிதான். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் இன்றைக்குச் செய்யப்போகிறீர்கள் என்றால் அந்த வரியைச் செய்யுங்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேகத்துக்காக எஃப்சிங்க்கை நிறுத்தச் சொல்லும் குறிப்புகள் கண்ணில் படும். இங்கே தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எழுதியது வட்டில் உண்மையிலேயே விழுந்ததா என்று உறுதிசெய்வது அதுதான். அதை நிறுத்திய கணினியில் கரண்ட் போனால் டேட்டாபேஸே திறக்க முடியாமல் போகலாம். யூபிஎஸ்ஸுக்கு யூஎஸ்பி வயர் இருந்தால் நட் என்ற மென்பொருளோடு இணைத்து, பட்டரி இறங்கும்போது கணினி தானாக ஒழுங்காக அணையும்படி செய்யலாம். ஆப்ட் நிறுவல் நடுவில் அணைந்திருந்தால், எழும்பியதும் பொதிகளை நிறுவும் டிபிகேஜியிடம் மிச்சத்தை கொன்ஃபிகர் செய்யச் சொல்லும் கட்டளையைக் கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

நேரத்தைப் பற்றி வன்னியில் இருப்பவர்கள் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். 1996 மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது, 2006 ஏப்ரலில் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட ஐந்தரை மணித்தியாலம் முன்னான பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளிலும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் கடிகாரம் மாறவே இல்லை. தெற்குக்கும் எங்களுக்கும் அரை மணி வித்தியாசம் இருந்ததை அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணினிகள் எல்லாம் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளத்தில் கொழும்பு என்ற பெயரில் இந்த மூன்று மாற்றங்களும் இருக்கின்றன. வன்னிக்கென்று தனிப் பெயர் இல்லை. இதனால் நடப்பது என்னவென்றால், 2003 ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்றில் காலை 8.00 என்று எழுதியிருப்பதைக் கொழும்பு வலயத்தில் போட்டு யூடிசிக்கு மாற்றினால் 2.00 என்று வரும். உண்மையில் அது 2.30. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. செய்பவர்கள் அந்தக் காலத்துப் பதிவுகளுக்கு வலயப் பெயரை நம்பாமல், எழுதியிருப்பதை அப்படியே அட்டவணையின் ஒரு பத்தியிலும் நேர வித்தியாசம் ஐந்தரை என்பதை இன்னொன்றிலும் வையுங்கள். மற்றபடி சேர்வர்கள் எல்லாம் யூடிசியில் ஓடட்டும், மனிதருக்குக் காட்டும் இடத்தில் மட்டும் இலங்கை நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஆன்சிபிளும் டெராஃபோர்மும்

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். சேர்வரை அமைக்கும் படிகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வரிசையாக எழுதிவைப்பது ஒரு முறை. சேர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைப்பது இன்னொரு முறை. இரணைமடுக் குளத்தில் நிற்பவருக்கு "வான்கதவை ஆறு அங்குலம் திறவுங்கோ" என்று போனில் சொல்லி, லைன் அறுந்து, கேட்டதா என்று தெரியாமல் திரும்ப எடுத்து அதையே சொன்னால் கதவு பன்னிரண்டு அங்குலம் திறந்துவிடலாம். "கதவு ஆறு அங்குலம் திறந்து நிற்கவேணும்" என்று சொன்னால் எத்தனை தடவை சொன்னாலும் ஆறுதான். ஆன்சிபிள் பேசுவது இரண்டாவது விதமாக. பாதியில் லைன் அறுந்தால் திரும்ப ஓடவிடுங்கள். செய்ததைத் தாண்டிப் போய்ச் செய்யாததை மட்டும் செய்யும். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான குணம் ஒரு கருவிக்கு இருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் குணம் தானாக வராது. ஆன்சிபிளுக்குள் ஷெல் மொடியூலை அள்ளிப் போட்டு எழுதினால் அது பழைய ஸ்கிரிப்ட்தான், யாம்ல் (ஆன்சிபிள் கோப்புகளின் எழுத்து வடிவம்) உடுப்புப் போட்டிருக்கிறது. கோப்பில் ஒரு வரி சேர்க்க லைன்-இன்-ஃபைல், பொதி நிறுவ பக்கேஜ், முழுக் கோப்பு எழுத டெம்ப்ளேட் என்று அதற்கான மொடியூல்களையே பயன்படுத்துங்கள். ஷெல் தவிர்க்க முடியாத இடத்தில் கிரியேட்ஸ் என்ற வரியைச் சேர்த்து, இந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் செய்யாதே என்று சொல்லிவிடுங்கள். எழுதி முடித்ததும் இரண்டு முறை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை சேஞ்ஜ்ட் என்பதற்கு நேரே பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எந்தப் படி என்று தேடித் திருத்துங்கள். உண்மையான சேர்வரில் ஓடவிட முன் செக், டிஃப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து என்ன மாறப்போகிறது என்று பார்ப்பதும் பழக்கமாகட்டும்.

மெதுவான லைனுக்கு ஆன்சிபிள் அமைப்புக் கோப்பில் பைப்லைனிங்கை இயக்குங்கள், ஒவ்வொரு படிக்கும் போய்வரும் பயணங்கள் குறையும். நீண்ட படிகளுக்கு ஏசிங்க் கொடுத்தால் சேர்வர் தன் பாட்டில் செய்யும், நீங்கள் இடைக்கிடை வந்து கேட்டால் போதும். இன்னும் நல்லது, ஆன்சிபிளை உங்கள் லப்டொப்பில் ஓடவிடாமல், சிங்கப்பூரிலோ மும்பையிலோ சேர்வர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கணினியில், டிமக்ஸுக்குள் ஓடவிடுவது. லப்டொப்பில் எழுதி, கிட்டில் புஷ் செய்து, அங்கே இழுத்து ஓடவிடுங்கள். உங்கள் லைனில் போவது அந்தச் சிறு உரைக் கோப்புகள் மட்டும்தான்.

ஊருக்குள் இருக்கும் கணினிகளுக்கு இது எதிர்ப்பக்கமாக இருக்கிறது. கூட்டுறவின் சேகரிப்பு நிலையங்களில் உள்ள கணினிகள் மொபைல் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கின்றன, வெளி ஐபி இல்லை, வெளியிலிருந்து உள்ளே போக முடியாது. அங்கே ஆன்சிபிள்-புல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கணினியும் டைமர் ஒன்றின்படி தானே கிட் ரெப்போவைப் பார்த்து, புதிய அமைப்பு இருந்தால் தன்மேல் பூசிக்கொள்ளும். லைன் இருந்தால் இன்று, இல்லையென்றால் வந்த பிறகு. யாரும் மோட்டார் சைக்கிளில் நெடுங்கேணிக்குப் போய் ஒரு பிரிண்டர் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. நேரே உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய தேவைக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளூர்க் கணினியின் பக்கத்தில் பெர்சிஸ்டன்ட்-கீப்-அலைவ் 25 என்று போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ரவுட்டர் அந்தப் பாதையை மறந்துவிடும்.

கிளவுட்டில் சேர்வர்களை உருவாக்கும் டெராஃபோர்மில் பாதியில் நிற்பது வேறு மாதிரியான சிக்கல். எதை உருவாக்கினோம் என்ற கணக்கை அது ஸ்டேட் கோப்பில் வைத்திருக்கிறது. அப்ளை (மாற்றங்களைச் செய்யும் கட்டளை) நடக்கும்போது லப்டொப் அணைந்தால், கிளவுட்டில் ஒன்று உருவாகியிருக்கும், கணக்கில் இருக்காது. ஒரே நேரத்தில் இருவர் ஓடவிடாமல் தடுக்கும் பூட்டும் திறக்காமல் கிடக்கும். வேறு யாரும் ஓடவிடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஃபோர்ஸ்-அன்லொக் கொடுங்கள். பிறகு பிளானை (என்ன மாறும் என்ற முன்னோட்டத்தை) பார்த்து, கணக்கில் விடுபட்டதை இம்போர்ட் மூலம் சேருங்கள். இந்த நிலை வராமல் இருக்க, அப்ளையை லப்டொப்பில் இருந்து செய்யாதீர்கள். பிளானை மட்டும் இங்கே பாருங்கள். அப்ளை கிட் சேவையின் சிஐ ரன்னரில் (புஷ் செய்ததைத் தானாக ஓடவிடும் கணினியில்) நடக்கட்டும். ஸ்டேட் கோப்பு, பழைய பதிப்புகளைப் பாதுகாக்கும் ரிமோட் சேமிப்பில் இருக்கட்டும். அதை கிட்டில் போடவே வேண்டாம், கடவுச்சொற்கள் அதற்குள் வெளிப்படையாகக் கிடக்கும். 2023 ஓகஸ்டில் டெராஃபோர்மின் உரிமம் மாறியதும் ஓப்பன்டோஃபு பிரிந்து போனது; அதன் 1.7 பதிப்பில் இருந்து ஸ்டேட்டை மறையாக்கம் செய்யும் வசதி இருப்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அதையே காட்டுகிறேன். இரண்டிலும் பிளகின் கேஷ் ஃபோல்டரை அமைத்துவிடுங்கள். அமேசான் கிளவுட்டோடு பேசும் பிளகினான அமேசான் புரொவைடர் மட்டும் பிரித்தால் நூற்றுக்கணக்கான எம்பி; ஒவ்வொரு திட்ட ஃபோல்டருக்கும் அதைத் தனித்தனியாக இறக்க எங்களிடம் டேட்டா இல்லை.

பெக்கப்புக்கு ரெஸ்டிக் பயன்படுத்துகிறேன். மறையாக்கம் செய்யும், மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும், பாதியில் அறுந்தால் அடுத்த முறை ஏற்கெனவே போனதைத் திரும்ப அனுப்பாது. பிரதி ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. இடம்பெயர்வில் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்த குடும்பங்கள், 2018 டிசம்பர் வெள்ளத்தில் அலுமாரியோடு கடதாசிகளை இழந்தவர்கள் எல்லாம் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லும் அந்தக் கணினியிலேயே இருந்தால் பெக்கப் எடுத்தும் பயனில்லை. அது கடதாசியில் எழுதப்பட்டு, சங்கத்தின் பெட்டகத்தில் ஒன்றும் செயலாளர் வீட்டில் ஒன்றுமாக இருக்கிறது.

மீட்டுப் பார்க்காத பெக்கப்பை நான் பெக்கப்பாகக் கணக்கெடுப்பதில்லை. சங்கத்தில் அதைச் செய்வது நானில்லை, புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர். வெறும் லப்டொப் ஒன்றும் ரீட்மீ கோப்பும் மட்டும் அவர் கையில். ஆன்சிபிளால் கணினியை அமைத்து, ரெஸ்டிக்கால் டேட்டாபேஸை மீட்டு, நேற்றைய பால் கணக்கைத் திரையில் காட்ட வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன், வாய் திறக்க மாட்டேன். அவர் நின்று யோசித்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அன்று பின்னேரமே ரீட்மீயில் அந்த வரிகளைத் திருத்தி எழுதுவோம். கடைசியாகச் செய்தபோது அவர் நின்றது ஒரே ஒரு இடத்தில்தான். ரெஸ்டிக் சேமிப்பின் முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ரீட்மீயில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.